மஞ்சள் துணி கட்டிய செடி

சூப்பை இரண்டாவது முறை சூடாக்க வைத்தபோது சதுப்புப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. நவம்பர், மான் வேட்டைக் காலம், கேட்காவிட்டால்தான் அதிசயம். ஆனால் மான் என்று யாரும் சுட்டுவிடாமலிருக்கக் கணவர் வெண்டல் போடும் ஆரஞ்சுச் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்குவதை நார்மா அப்போதுதான் பார்த்தாள். காலை எட்டு மணிக்குச் செடி தோண்டச் சதுப்புக்குப் போன மனிதர். இப்போது மணி ஒன்று.

எல்லாம் அவள் வாயால் வந்தது. குளிர்காலச் சிவப்புப் பழத்துக்காக வாசலில் வைத்த ஐந்து ஹாலிச் செடிகளும் பெண். நான்கு வருடமாக இலை கொட்டியதும் வெறும் குச்சிதான். பக்கத்தில் ஓர் ஆண் செடி பூத்தால்தான் அவை சிவப்பாகப் பழுக்கும். ஜூனில் பூவைப் பார்த்துத்தான் ஆண் எது என்று தெரியும் என்பதால், அப்போதே வெண்டல் சதுப்பில் ஒன்றுக்கு மஞ்சள் துணி கட்டி வந்தார். பிறகு தோண்டப் போகவே இல்லை.

"துணியக் கட்டிட்டா செடி தானா நடந்து வருமா?" என்று நேற்றுச் சாப்பாட்டில் கேட்டாள்.

"வேர்ல காத்து படாம கொண்டாரணும். ஒரு நாள் வேலை. இந்த நெஞ்செரிச்சல் அடங்கட்டும்."

"வேலைன்னா மட்டும் உனக்கு நெஞ்சு எரியும்."

கொழுந்தன் க்ளேட்டனுக்குப் போன் செய்தாள்.

"எவனாவது மாட்டியிருப்பான், பேசிட்டு நிப்பான்" என்றான்.

"ஆரஞ்சுச் சட்டை இங்க இருக்கு."

"நீ போகாத. நான் வரேன்."

அவள் காத்திருக்கவில்லை. அந்தச் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு நடந்தாள். சதுப்பின் ஓரத்தில் சிவப்பைக் கண்டு கால் நின்றுவிட்டது. வெறும் பழங்கள். புதர் புதராகப் பழங்கள்.

அவற்றுக்கு நடுவே பழமே இல்லாத ஒன்று, மஞ்சள் துணியோடு. மண்வெட்டி குழியில் குத்தியபடி நின்றது. பக்கத்தில் வெண்டல் ஒருக்களித்துக் கிடந்தார். கோட்டைத் திறந்து முதுகையும் நெஞ்சையும் தடவினாள். எங்கும் காயம் இல்லை. உடம்பு குளிர்ந்திருந்தது. நெஞ்செரிச்சல் என்றவரைச் சிரித்துக்கொண்டே அல்லவா கேலி செய்தோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

க்ளேட்டன் வந்து அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டான்.

"குண்டு இல்ல, நார்மா."

"தெரியும்."

"ஆளுங்களக் கூட்டிட்டு வரேன். நீயும் வா, குளிருது."

"நான் இருக்கேன். போ."

அவன் போனதும் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி வெண்டலுக்குப் போர்த்தினாள். காற்று வீசியது. தோண்டி முடிக்காத வேர்கள் ஒரு பக்கம் வெளியே தெரிந்தன. கழுத்துத் துணியை அவிழ்த்து, குழியின் ஓரத்துப் பனித்தகட்டைக் குதிகாலால் உடைத்து, தண்ணீரில் நனைத்தாள். வேர்களைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.