உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது என் அக்காவின் கதை. ஆய்வகத்தில் தண்ணீர் சோதிப்பவள். முதல் வரைவைப் படித்துவிட்டுக் காகிதத்தை என் மடியிலேயே எறிந்தாள்.

"நான் எங்கடா அழுதேன்? எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அத எழுது."

எழுதுகிறேன்.

2.
மழை விட்ட மறுநாள் ஊரே மௌனமாக— (வேண்டாம். ஊர் மருத்துவமனை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது.)

நாற்பது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. சோதனைக்கு முன்பே மேலதிகாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: கூலிக்காரர் குடியிருப்பின் கிணறுதான் காரணம், மூட வேண்டும். ஊர்க் குழாய்களுக்குத் தண்ணீர் விடும் பொதுத் தொட்டியை யாரும் சந்தேகப்படக் கூடாது. அது சுத்தம் என்று சான்றிதழ் கொடுத்தவரே அவர்தானே.

3.
(அறிவியல் ஒரே பத்திதான், ஓடிவிடாதீர்கள்.) கிருமியின் மேல்தோலில் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு, வகைக்கு ஒரு விதம். ஒரு வகைக்கென்றே தயாரித்த சீரத்தை, அதாவது அந்த வகையை மட்டும் பிடித்துக்கொள்ளும் இரத்தத் தெளிநீரை, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, அதே வகைக் கிருமியைக் கலந்தால், பால் திரிந்ததுபோல் கட்டிகட்டும். பிள்ளைகளின் கிருமி கட்டியது. கிணற்றுக் கிருமி கட்டவில்லை. தொட்டிக் கிருமி நொடியில் கட்டியது.

அக்கா அறிக்கையோடு ஓடினாள்.

4.
அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். (கதை வில்லன்கள் எல்லோரும் கழற்றுகிறார்கள். இவர் சும்மா காதைக் குடைந்தார்.)

"வெறும் உப்புத் தண்ணியில கலந்து பாத்தீங்களாம்மா?"

அக்காவின் முகம் செத்துவிட்டது. பார்க்கவில்லை. மேல்தோல் கெட்ட சில கிருமிகள் சீரமே இல்லாமல் தாமாகக் கட்டிக்கொள்ளும். அதனால் பக்கத்திலேயே உப்புத் தண்ணீரிலும் ஒரு சொட்டு கலந்து பார்ப்பது பாலபாடம். அவசரத்தில் விட்டுவிட்டாள்.

"அப்ப கிணறுன்னே எழுதிடுங்க."

"மாட்டேன் சார். உங்க கண்ணு முன்னாடியே திரும்பப் பண்றேன்."

5.
இங்கே எனக்குப் பேனா ஓடவில்லை. உப்புத் தண்ணீரிலும் கட்டினால் எண்பது குடும்பங்கள் கிணற்றை இழக்கும். என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

"பயமா இல்லையாக்கா?"

"இருந்துச்சு. தப்புப் பண்ணது நான். அதுக்குக் கெணத்த மூடுவாங்களா?"

உப்புத் தண்ணீர்ச் சொட்டு வெறும் கலங்கலாகவே நின்றது. சீரத்தில் கட்டியது. தொட்டிதான்.

6.
முடிவு அ: அதிகாரி தலைகுனிந்தார். (பொய்.)

முடிவு ஆ: மக்கள் திரண்டு வந்து அக்காவை— (போதும்.)

நடந்தது இவ்வளவுதான். "மேல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அவர் அறிக்கையை மேசைக்குள் போட்டுப் பூட்டினார். அக்கா நகலெடுத்து, கையெழுத்துப் போட்டு, தொட்டித் தூணில் ஒட்டினாள். கிழித்தார்கள். ஏணி போட்டு, கை எட்டாத உயரத்தில் மறுபடி ஒட்டினாள். நேற்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

முடிவு எழுத மாட்டேன். எழுதினால் நிம்மதியாக எழுந்துபோய்க் குழாயைத் திறப்பீர்கள். தொட்டியை இன்னும் யாரும் கழுவவில்லை. இன்று காலையும் கிழித்திருக்கிறார்கள்; நகல் என் கையில் இருக்கிறது, நீங்கள் ஏணியைப் பிடியுங்கள்.