வளைவிலிருந்து வீடு வரை

காரைக்குடியை அடுத்த பூங்குயில் நகரில் பவுலினுக்கு வேலைக்குப் போகும் வழி ஆறு நிமிடம். அதே வழியில் வீடு திரும்ப, குடிவந்த பன்னிரண்டாவது வருடத்தில், இரண்டு மணி இருபத்தேழு நிமிடம் ஆயிற்று. பாதை ஒன்றுதான். திருப்பத்தூர் சாலையில் பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்டு வளைவு இருந்தது. அங்கிருந்து செம்மண் பாதை நூல் பிடித்த மாதிரி நேராக நகருக்குள் போகும். காலையில் எட்டே முக்காலுக்குக் கிளம்பினாலும் எட்டு ஐம்பத்தைந்து பேருந்தைப் பிடித்துவிடுவாள். மாலை ஆறு மணிக்கு வளைவில் இறங்கினால் வாசல்படியை மிதிக்கும்போது எட்டரை. இடையில் அவள் எங்கும் நிற்பதுமில்லை, யாரிடமும் கதை பேசுவதுமில்லை.

அவளும் அவள் கணவன் செபஸ்தியானும் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆகஸ்டில் அங்கே குடிவந்தார்கள். செபஸ்தியான் வீடுகளுக்கு வயரிங் வேலை பார்த்தவன். ஏணி சறுக்கி இடுப்பு எலும்பு முறிந்தபிறகு அவனால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. பவுலின் காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடையில் பெயர் வெட்டினாள். கல்யாணச் சீருக்கு வாங்கும் குடத்திலும் தட்டிலும் சின்ன மெஷினை வைத்துப் பெண், மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் பொறித்துக் கொடுக்கிற வேலை. டவுனுக்குள் வாடகை கொடுத்து முடியவில்லை. கண்மாய் ஓரத்துக் கருவேலங்காட்டை அழித்து மனை போட்ட இடத்தில்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வீடு கிடைத்தது: ஒரு படுக்கையறை, ஒரு ஹால், உப்புத்தண்ணீர் போர், மாடியில் நீலத் தொட்டி. மகள் வின்சிக்கு அப்போது ஆறு வயது.

பாதை நீள்வதை முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு ஈஸ்வரன். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர், கடிகாரம் பார்க்காமல் மூச்சு விடாதவர். குடிவந்தபின் வாங்குகிற ஒரு மாதச் சம்பளத்துக்குத் திரும்பி வரும் வழி ஒரு நிமிடம் நீளும் என்று அவர் சொன்னது கடைசிவரை மாறவில்லை. படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும், பென்ஷன்காரர்களுக்கும், விருந்தாளிகளுக்கும் எப்போதும் ஆறு நிமிடம்தான். வண்டி வாங்கினால் குறையும் என்று பலர் வண்டி வாங்கினார்கள். குறையவில்லை, பெட்ரோல்தான் செலவாயிற்று. ஒரே வண்டியில் இரண்டு பேர் வந்தால் இருவரில் யாருக்கு வழி நீளமோ அந்த நேரம்தான் இருவருக்கும். அதனால் பழைய குடித்தனக்காரர்களுக்குப் புதியவர்கள் லிப்ட் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மனை விற்ற மருதுபாண்டியிடம் போய்க் கேட்டார்கள். அவர் வளைவிலிருந்து நடந்தே வந்து காட்டினார். “நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கோம்? ஆறு நிமிசம். நான் எத்தனை நிமிசத்துல வந்தேன், நீங்களே சொல்லுங்க” என்றார். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்ததில் நானூற்றி எண்பது மீட்டர் என்று வந்தது. பிறகு யாரும் அதைப் பற்றி மனு எழுதவில்லை. ஊரடங்கில் மூன்று மாதம் சம்பளம் இல்லை, பாதையும் நீளவில்லை. அந்த மூன்று நிமிடம் லாபம் என்று ஈஸ்வரன் சொன்னார்.

கஷ்டம் என்னவென்றால் வீடு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பொட்டல்வெளி, மறைப்பதற்கு ஒரு மரம் கிடையாது. வளைவைத் தாண்டியதுமே நீலத் தொட்டி தெரியும், குக்கர் விசில் கேட்கும், வின்சி கேட்டில் ஏறி நின்று ஆடுவது தெரியும். கால்தான் போய்ச் சேராது. வின்சிக்குப் பதிமூன்று வயதானபோது ஒரு சாயங்காலம், தெருப் பெண்கள் மூன்று பேர் முறத்தோடும் புதுப்பாவாடையோடும் தன் வீட்டுக்குள் நுழைவதைப் பவுலின் பார்த்தாள். சற்று நேரத்தில் குலவைச் சத்தம் கேட்டது. மகள் பெரியவளாகிவிட்டாள் என்று தெரிந்துகொண்டு, அவள் அதற்குமேல் எழுபது நிமிடம் நடந்தாள்.

மகளைச் செபஸ்தியான்தான் வளர்த்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சடை பின்னினான், மீன் கழுவினான், ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தான். பவுலின் வந்து சேரும்போது எட்டரை ஆகியிருக்கும். சாப்பிட்டுவிட்டுப் பாயில் விழுந்தால் காலைதான். புருசன் பெண்டாட்டிக்குள் சண்டையில்லை, சச்சரவில்லை, பேச்சும் இல்லை. மோட்டார் போட்டாச்சா, சிலிண்டர் வந்துச்சா என்பதோடு சரி. நாளைக்கு நாற்பது வார்த்தை தேறாது என்று வின்சி பின்னால் சொன்னாள்.

இரண்டாயிரத்து இருபத்துநான்கு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. வின்சி கல்லூரி முகாமுக்கு சாக்கோட்டை போயிருந்தாள். பவுலின் வளைவிலிருந்து ஒரு மணி நேரம் நடந்திருந்தாள். செபஸ்தியான் காய்ந்த துணியை எடுக்க வெளியே வந்ததும், துவைகல்லில் உட்கார்ந்ததும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும் அவளுக்குப் பக்கத்தில் நடப்பதுபோல் தெரிந்தன. “ஏங்க!” என்று கத்தினாள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் ஓடினாள். ஓடினாலும் பாதை அதன் கணக்கில்தான் விடும் என்பது பத்தடி ஓடியபிறகுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு உமையாளுக்குப் போன் செய்தாள், ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள், பிறகு திரும்பி வளைவை நோக்கி ஓடினாள். போகிற வழி எப்போதும் போல் சின்னதாகவே இருந்தது. மூன்றே நிமிடத்தில் சாலைக்கு வந்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. உள்ளே இருந்த நர்ஸ் கதவைத் திறந்து, “ஏறுங்கம்மா, வீட்டைக் காட்டுங்க” என்றாள்.

“நான் ஏறுனா வண்டி போய்ச் சேராது. நேராப் போங்க, நீலத் தொட்டி. என்னைய விட்டுட்டுப் போங்க!”

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் போனார்கள். ஒரு நிமிடத்தில் வண்டி அவள் வீட்டு வாசலில் நிற்பதை வளைவின் அடியில் நின்று பார்த்தாள். உமையாளும் நர்சும் அவனைத் தூக்கி ஏற்றினார்கள். வண்டி திரும்பி வந்தபோது அவள் ஏறிக்கொண்டாள். செபஸ்தியான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, “இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டியே” என்றான். பிறகு அவன் பேசவில்லை. விடியும்போது இறந்தான்.

அன்று பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுபோக இருளாண்டி என்பவருடைய வேன் வந்தது. நாலு மணிக்குக் கோயிலில் பூசை. ஈஸ்வரன் பவுலினைத் தனியே கூப்பிட்டு, “தங்கச்சி, தப்பா நினைக்காதீக. நீங்க கூட ஏறுனா ரொம்ப நேரமாயிரும். மச்சான் முன்னால போகட்டும், நீங்க பின்னால வாங்க” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

“பன்னெண்டு வருசமா அவுக வீட்டுல இருந்தாக, நான் ரோட்டுல கெடந்தேன்ணே. இன்னைக்கு ஒருநா எங்கூட வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் பவுலின் ஏறி உட்கார்ந்தாள்.

வளைவைத் தாண்டிக் கால் மணி நேரம் ஓட்டியபிறகு இருளாண்டி, “அரைக் கிலோமீட்டர்னு சொன்னாக, வீடு தெரியுது, வர மாட்டேங்குதேம்மா” என்று திரும்பிப் பார்த்தார். அவள் கணவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினார்.

வீட்டு வாசலில் பந்தலுக்கடியில் கூடியிருந்தவர்கள் வேன் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அழுது ஓய்ந்து மறுபடி அழுதார்கள். பங்குச்சாமியார் பூசையை ஐந்தரைக்குத் தள்ளிவைத்தார். முகாமிலிருந்து ஓடிவந்த வின்சி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேனுக்குள் அம்மாவின் வாய் அசைந்துகொண்டே இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு தடவை அம்மா சிரித்ததுகூடத் தெரிந்தது. இரண்டு மணி இருபத்தேழு நிமிடம் கழித்து வேன் வாசலில் நின்றபோது பவுலினின் தொண்டை கட்டிப்போயிருந்தது. பிரேதத்தின் முன்னால் அவளால் ஒப்பாரி வைக்க முடியவில்லை. வெளியூர்ச் சொந்தங்கள் அதைக் குறையாகச் சொன்னார்கள். பூங்குயில் நகர்க்காரர்கள் யாரும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் பவுலின் வேலைக்குப் போனாள். வீட்டுக் கடன் பாதிதான் அடைந்திருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் மாலை அவள் பேருந்திலிருந்து இறங்கியபோது வளைவின் அடியில் வின்சி நின்றிருந்தாள்.

“நீ இங்க என்ன செய்யுற? எங்கூட வந்தா எட்டரை ஆயிரும். போ, போயி உலை வை.”

“உலை கெடக்கட்டும்மா. அன்னைக்கு வேன்ல அப்பாட்ட அம்புட்டு நேரம் என்ன பேசுன?”

பவுலின் நடக்கத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் மகளே சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், கடையில் ஒரு கல்யாணக் குடத்தில் மாப்பிள்ளை பெயருக்குப் பதில் தெரியாமல் செபஸ்தியான் என்று வெட்டிவிட்ட கதையைப் பவுலின் சொன்னாள். கல்யாண வீட்டார் வந்து சத்தம் போட்டதையும், அந்தக் குடத்தின் விலையைத் தன் கூலியில் கழித்துக்கொண்டதையும், கோபத்தில் அதை அவனிடம் ஒன்பது வருடமாகச் சொல்லாமலே இருந்து அன்று வேனில்தான் சொன்னதையும் சொன்னாள். அப்பா மேல் என்ன கோபம் என்று வின்சி கேட்டாள். “பிள்ளைக்கு அவருதான் சடை பின்னுறாருன்னு” என்றாள் பவுலின். வின்சி நின்று அழுதாள். நின்றாலும் நடந்தாலும் நேரம் ஒன்றுதான் என்பதால் பவுலின் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த வருடம் வின்சி காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வாங்கிய மாலை அவளுடைய வழி ஏழு நிமிடம் ஆயிற்று. ஈஸ்வரன் விசாரித்தார், அவள் சொன்னாள், அவர் தலையாட்டிக்கொண்டார். இப்போதும் அவள் தன் ஏழு நிமிடத்தில் வீட்டுக்குப் போவதில்லை. அம்மா இறங்கும்வரை வளைவில் நிற்கிறாள். நேற்று அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பவுலின் சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் இருந்தது. வின்சி சாவியைக் கையில் வைத்தபடி நின்றாள். பவுலின் மிச்சத்தையும் சொல்லி முடித்தபிறகு கதவைத் திறந்தார்கள்.