வேர் எதற்காகக் குனிந்தது?

1

இந்தக் கதை அக்காவின் ஒரு போன் அழைப்பில் பிறந்தது. அவளிடமிருந்து திருடியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். “டேய், வேர் வளைஞ்சிருச்சுடா,” என்று அழுதாள். வேர் வளைந்ததற்கெல்லாம் ஒருத்தி அழுவாளா?

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘விதைக்குள் உறங்கிய உயிர், ஒளியின் அழைப்பைக் கேட்டு……’ [அடித்துவிட்டேன். அக்கா படித்தால் உதைப்பாள்.]

2

அவள் செடிகளை ஆராய்கிறவள். வேர் நுனியிலுள்ள சில செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. செடியைச் சாய்த்தால் அவை புதிய அடிப்பக்கத்தில் போய் உட்காரும். உடனே ஆக்சின் என்ற ஹார்மோன் அந்தப் பக்கம் அதிகமாகச் சேரும். வேரில் அது வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை. அடிப்பக்கம் பின்தங்க, மேல்பக்கம் நீள, வேர் கீழ்நோக்கிக் குனியும்.

(தண்டில் அதே ஆக்சின் வளர்ச்சியை முடுக்கிவிடும். வெளிச்சம் படாத பக்கத்தில் சேர்ந்து அந்தப் பக்கத்தை நீட்ட, தண்டு வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும். எங்கள் வீட்டில் அம்மாவின் திட்டும் இப்படித்தான். அக்காவை ஓட வைக்கும், என்னைப் படுக்க வைக்கும்.)

3

அக்கா வளர்த்தவை அந்த மணிகளே இல்லாத நாற்றுகள். இருட்டுப் பெட்டிக்குள் தட்டைச் சாய்த்து வைத்தாள். அவை திசை தெரியாமல் திணறியிருக்க வேண்டும். ஆனால் எல்லாம் அழகாகக் குனிந்திருந்தன. மணிகள் இல்லாமலேயே வேருக்குக் கீழ்த்திசை தெரிகிறது என்று பேராசிரியர் துள்ளிக் குதித்தார். கட்டுரை தயாரானது. அக்காவின் வேலையை நீட்டிக்கவும் அவரே மேலிடத்தில் பேசிவிட்டார்.

அதற்குப் பிறகுதான், பெட்டியைத் துடைக்கும்போது, அவள் அதைப் பார்த்தாள். கதவின் மேல்விளிம்பில் ரப்பர் பட்டை கிழிந்து, உள்ளே வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

வேருக்கு வெளிச்சம் ஆகாது. அப்படியானால் அவை பூமியைத் தேடிக் குனியவில்லை, மேலிருந்து வந்த வெளிச்சத்துக்குப் பயந்து ஓடியிருக்கின்றன. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பொய் அச்சேறும்.

4

பேராசிரியரை வில்லனாக்கி எழுதி, அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்: ‘அவர் மீசையை முறுக்கியபடி……’

“அவருக்கு மீசையே கிடையாதுடா. ரொம்ப நல்ல மனுஷன். அதான் சொல்ல வாயே வர மாட்டேங்குது.”

“யாருக்கும் தெரியாம இன்னொரு தடவை செஞ்சு பாரேன்க்கா.”

“செஞ்சேன். ரப்பரை ஒட்டிட்டுத்தான் செஞ்சேன்.”

“அப்புறம்?”

“கோணல்மாணலா போகுது. ஒண்ணுகூட ஒழுங்கா குனியல.”

5

முடிவுகளை யோசித்தேன். ஒன்று: அவள் சொல்கிறாள், அவர் முதுகில் தட்டிக்கொடுக்கிறார். (சினிமா.) இரண்டு: அவள் மறைத்துவிட, அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும்…… முடிக்கக் கை வரவில்லை. அவள் என் அக்கா.

பயந்துகொண்டே எழுதியதை அவளிடம் நீட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தாள்.

“நான் அவர்கிட்ட சொல்லிட்டா இதை அச்சுக்குக் கொடு. சொல்லலைன்னா கிழிச்சுப் போட்டுடு. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

இப்போது அவள் அவருடைய அறை வாசலில் நிற்கிறாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே போனாளா, திரும்பி நடந்துவிட்டாளா, இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை.

எனக்குத் தெரியாது. படிக்கிற உங்களுக்குத் தெரியும்.