நவரத்தினத்தின் கடைசி சால்மன்

மாணவனாக ஸ்கொட்லாந்தில் ஓவியம் படிக்கப் போன இடத்தில்தான், ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சால்மன் பிடிக்கப் பழகினார் பாலேந்திரா. அதன்பின் அந்த மீன் அவரை விடவில்லை. வரைந்ததும் அதைத்தான், பிடித்ததும் அதைத்தான். நடுவயதுக்குப் பிறகு பிடித்ததையெல்லாம் ஆற்றிலேயே திருப்பி விட்டார். மோர்டனில் குடியேறிய பிறகு, தேம்ஸில் சால்மனை மீண்டும் வாழவைக்கப் பாடுபட்ட ஒரு குழுவோடு சேர்ந்து, வருடா வருடம் கிளையாறுகளில் குஞ்சு விட்டுவந்தார்.

அந்தக் குழுவில் இருந்த இன்னொரு தமிழர் நவரத்தினம். ஸ்ட்ரெதத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலத் தூண்டில் கட்டுவதில் அவருக்குப் பைத்தியம். மனைவி பிரமிளாவின் கூறைச்சேலையிலிருந்து சரிகை இழை உருவிக் கட்டி, அவளிடம் ஏச்சும் வாங்கியவர்.

2002 ஒக்டோபரில் ஒருநாள் நவரத்தினம் ஆற்றுக்குக் கூப்பிட்டார். பாதியில் நின்ற படத்தைச் சாட்டி பாலேந்திரா மறுத்துவிட்டார். மாலையில், அணைக்கட்டுக்குக் கீழே நவரத்தினத்தின் உடல் கிடைத்தது. தூண்டில்கோல் கிடைக்கவேயில்லை.

கால் வழுக்கியதா, தானாகவே இறங்கினாரா? பொலிசாலும் சொல்ல முடியவில்லை. மனச்சோர்வுக்கு அவர் மாத்திரை எடுத்துவந்தார். அன்று காலை பிரமிளாவோடு சண்டை வேறு.

பாலேந்திராவுக்குத் தூரிகை ஓடவில்லை. தண்ணீரைத் தீட்டினால் அடியில் ஒரு முகம் அசைவதுபோல இருந்தது. குளிக்கும்போது, நீர் விழும் சத்தத்துக்குள் “பாலா, வாறியோ?” என்று கேட்கும். சட்டென்று குழாயை மூடுவார்.

நவம்பர் கடைசியில் மழை கொட்டி ஆறு பெருகியது. மேலேறும் மீன்களைப் பிடித்துப் பார்த்து விடுகிற கூண்டில் ஒரு சால்மன் அகப்பட்டிருப்பதாகக் குழுவிலிருந்து ஃபோன் வந்தது. ஓடிப்போனார். செம்பு நிறம் ஏறிய பெண் மீன். கையை நனைத்துக்கொண்டு மெல்லத் தூக்கினார். தாடை ஓரத்தில் ஒரு தூண்டில் ஏறியிருந்தது; அறுந்த தூண்டில் நரம்பு தொங்கியது. இறகெல்லாம் சிதைந்து, சரிகை மட்டும் மினுங்கியது.

கொக்கியைக் கழற்றி மீனை விட்டுவிட்டு, நேரே ஸ்ட்ரெதத்துக்குப் போனார்.

“பிரமிளா, நவம் தானா இறங்கேல்லை. அண்டைக்கு அவனுக்கு மீன் கொழுவியிருக்கு. அதுக்குப் பின்னாலை போய்த்தான் வழுக்கியிருக்கிறான்.”

“அண்டைக்குத்தான் எண்டு எப்பிடித் தெரியும்?”

“வேறை நாளெண்டால் எனக்குச் சொல்லாமல் இருப்பானோ? ஊரைக் கூட்டியிருப்பான்.”

பிரமிளா அந்த இழையைத் தடவிப் பார்த்தாள். “என்ரை கூறைதான்” என்றாள். பிறகு குரலெடுத்து அழுதாள். நெஞ்சுப் பாரம் இறங்கி அழுகிறாள் என்று பாலேந்திரா நினைத்தார்.

“அந்த மீன் இப்ப எங்கை, அண்ணை?”

“விட்டிட்டன். வயித்திலை முட்டை இருந்தது.”

“உங்களுக்கு விட ஏலும்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மனுசனுக்கு ஏலாமல் போச்சு. கோலைக் கைவிட்டிருந்தால் இப்ப இந்தக் கதிரையிலை இருந்திருப்பார். சண்டை பிடிச்சதாலை போனாரெண்டு என்னை நானே திண்டுகொண்டிருந்தன். கடைசியிலை நான் அவரின்ரை நினைப்பிலையே இருக்கேல்லை.”

அந்த இடத்தில் தான் நின்றிருந்தாலும் கோலை விட்டிருக்கமாட்டேன் என்பது பாலேந்திராவுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருடம் அதே அணைக்கட்டுக்குக் கீழே போய் நின்றார். போகாமல் இருந்துபார்த்தார், முடியவில்லை. எந்த மீனையும் குத்தாதபடி கொக்கியின் முனையை வெட்டிவிட்டுத்தான் வீசினார். மதியம்வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு கனத்த இழுப்பு. ஒரு கணமோ ஒரு நிமிடமோ, உடம்பெல்லாம் அந்த நரம்பிலேயே இருந்தது. பிறகு நரம்பு தளர்ந்து மிதந்தது.

அப்போதுதான் குனிந்து பார்த்தார். முழங்காலளவில் நின்றிருந்தவர் அவர். தண்ணீர் இப்போது மார்பைத் தள்ளிக்கொண்டிருந்தது.