மூன்று வெட்டு

இசக்கிசெல்வி முதல் தடவை தோற்றது மூன்று வால்களால். செம்பூரில் ஒரு கம்பெனி. டாக்டர்கள் எழுதும் வியாதிக்கும் ஆபரேஷனுக்கும் எண் போட்டுத் தரும் வேலை; சேர ஒரு பரீட்சை. அந்த ஆங்கில வார்த்தைகள் பெரும்பாலும் கிரேக்கத் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. தலைத் துண்டுகளைத் தண்ணீராய் ஒப்பிப்பாள்: கார்டியோ இதயம், காஸ்ட்ரோ இரைப்பை, சிஸ்டோ பை. வாலில்தான் தடுமாற்றம். எக்டமி, ஓட்டமி, ஓஸ்டமி மூன்றையும் மாற்றி எழுதி, கீறித் திறக்க வேண்டிய மூத்திரப்பையைக் கழற்றியே எறிந்துவிட்டாள். இன்னும் ஒரே வாய்ப்பு, சனிக்கிழமை.

நான் அய்யாத்துரை, அவள் புருஷன். தாராவியில் லெதர் பை தைக்கும் பட்டறையில் வேலை. வியாழன் மதியம் சோறு கொண்டுவந்தவள், தூக்குவாளியை விட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"ஏட்டி, என் காஸ்ட்ரோ காயுது."

பக்கத்து மிஷினில் இருந்த ஷேக் பரீத் தலையைத் தூக்கினான். "மைனி, பை சிஸ்டோன்னா, தைக்கதுக்கு என்ன பேரு?"

புரட்டிப் பார்த்து, "ராஃபி" என்றாள்.

"அண்ணாச்சி! நாம இத்தனை வருசமா ஆபரேஷன்லா பண்ணிட்டு இருந்திருக்கோம்!"

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கேலி. எனக்கு இந்த மூணும் ஒண்ணு போலத்தான் தெரியுது. எக்டமின்னா வெட்டி எடுத்துருதது. ஓட்டமின்னா கீறித் திறக்கது. ஓஸ்டமின்னா திறந்து, மூடாத வாய் வைக்கது."

"இதையா ஒண்ணுங்கிய?" பரீத் பதறிப்போனான். "இங்க மாத்திச் செஞ்சா முதலாளி நம்மளைக் கழத்திருவாரே!"

அவன் மூன்று துண்டுத் தோலை எடுத்து மூன்றையும் செய்து காட்டினான். அன்று சாயங்காலம் வரை பட்டறையில் வேறு பேச்சே இல்லை. கறை பட்ட தோலைத் தூக்கிப் பிடித்து, "மைனி, இதுக்கு?" என்பான். "எக்டமி." ஜிப் வைக்கும் இடத்தைத் தொட்டு, "இதுக்கு?" "ஓட்டமி." அவள் பதில் வேகமாக வர வர, எனக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. கண் அங்கே இருக்க, லேசாகக் கீற வேண்டிய ஒரு பையின் முதுகில் வட்டமாக வாயே வைத்துவிட்டேன்.

செல்வி அதை வாங்கி, ஓட்டைக்குள் கையை விட்டு ஆட்டினாள். "ஓஸ்டமி! நீங்க ஃபெயிலு!" அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். முதலாளி என்னிடம் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

சனிக்கிழமை செம்பூரில், கம்பெனி வாசலில் நின்றேன். கம்ப்யூட்டரிலேயே பரீட்சை, அங்கேயே முடிவும். உம்மென்று வெளியே வந்தாள்.

"என்னட்டி?"

"பாஸு."

"பெறவு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"உள்ள வச்சுக் கத்தக்கூடாதுல்லா? கொஞ்சம் தள்ளி வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். தெருமுனை திரும்பியதும் கத்தினாள் பாருங்கள், போய்க்கொண்டிருந்த இரண்டு ஆட்டோக்கள் நின்றுவிட்டன.