ஒரேயொரு ‘இல்லை’

இரண்டு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்திருந்தார்கள். இரண்டு நாற்பதுக்கு மண்டபத்தில் பதினொரு பேர் இருந்தார்கள்.

செல்வராணி பதினோராவது ஆள். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், மேலங்கியைக் கழற்றாமல் இருந்தாள். சுவிஸில், பேர்ன் நகரத்தின் பூம்ப்ளிஸ் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம் அது. ஞாயிறு பிற்பகல்களில் தமிழருக்கு வாடகைக்குக் கிடைக்கும். கதிரைகளை அடுக்கிவிட்டுப் போகவும் என்று சுவரில் ஜெர்மன் மொழியில் ஒட்டியிருந்தது.

2014 செப்டம்பர். இன்னும் நாலு நாளில் ஸ்கொட்லாந்தில் வாக்கெடுப்பு. பிரித்தானியாவோடு இருப்பதா, பிரிந்து தனிநாடாவதா என்று அந்தச் சனத்திடமே கேட்கப் போகிறார்கள். அதைப் பற்றிக் கதைக்கத்தான் கூட்டம். ஒழுங்கு செய்தவள் ரிஷானி, இங்கேயே பிறந்து பேர்ன் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறவள். அவள் பேச அழைத்திருந்தது சந்திரமதியை. சந்திரமதியின் மகள் நிலோஜினி கிளாஸ்கோவில் படிக்கிறாள். மகளோடு இரண்டு வாரம் நின்று, அந்த ஊர் விவாதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் என்று அறிவித்தலில் போட்டிருந்தது.

அந்தப் பெயரைப் பார்த்ததும் போகக் கூடாது என்றுதான் செல்வராணி நினைத்தாள். பிறகு வந்துவிட்டாள்.

சந்திரமதி ‘இல்லை’ போட்டவள். அதை இந்த நகரத்தில் முதலில் அறிந்தவள் செல்வராணி. முதலில் வெளியே சொன்னவளும் அவள்தான்.

நாலரை வருடத்துக்கு முந்திய கதை. 2010 தை மாதம். ஊரில் எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் தமிழ் வீடுகளில் யாரும் உரத்துச் சிரித்ததில்லை. அப்போதுதான் தமிழருக்குத் தனிநாடு வேண்டுமா என்று புலம்பெயர்ந்த தமிழரிடம் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பனிக்குள் சப்பாத்தை இழுத்து இழுத்துக் கிழவர்களும் வந்தார்கள். துண்டில் இரண்டு சொற்கள்: ஆம், இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி. விரும்பியதற்கு நேரே புள்ளடி போட வேண்டும். இலங்கையில் வாக்களித்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பெருக்கல் குறிதான் அங்கே வாக்கு.

பின்னேரம் எண்ணினார்கள். செல்வராணி தொண்டராக எண்ணும் மேசையில் இருந்தாள். மேசைக்குப் பொறுப்பு குணசேகரம். ஆம், ஆம், ஆம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை அடைத்திருந்தது. நானூறு தாண்டியபோது ஒரு துண்டை விரித்தாள். சிவப்பு மை. புள்ளடி ‘இல்லை’யில் விழுந்திருந்தது.

சந்திரமதியும் செல்வராணியும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. எட்டு வருடம். அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது: பதிவேட்டில் பகலில் வேலை செய்கிறவர்கள் நீல மையால் எழுத வேண்டும், பின்னேரம் வருகிறவர்கள் பச்சை, இரவில் நிற்கிறவர்கள் சிவப்பு. முதல் நாள் இரவு நின்றவள் சந்திரமதி. காலையில் வேலை முடிந்து நேரே வாக்குப் போட வந்து, வாசலில் நின்ற செல்வராணியின் கன்னத்தைத் தன் குளிர்ந்த கையால் தொட்டுவிட்டுப் போனவள். வாக்களிக்கும் மேசைகளில் கட்டியிருந்தவை எல்லாம் பென்சில்.

குணசேகரம் துண்டை வாங்கிப் பார்த்தார். “ஒரு நாய் இருக்கத்தானே செய்யும்” என்று சொல்லித் தனியே வைத்தார்.

செல்வராணி ஒன்றைக் கவனித்தாள். புள்ளடி பெட்டிக்குள் இல்லை. சொல்லின் மேலேயே கிடந்தது. இரண்டு நீளக் கோடுகள், சொல்லை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அறுத்துக்கொண்டு. கவனித்தாள்; அடுத்த துண்டை எடுத்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவன் சிறீதரனிடம் மட்டும் சொன்னாள். சிறீதரன் தமிழ்க் கடையில் ஒருவரிடம் மட்டும் சொன்னான்.

சண்டை பிடிக்க ஒருவரும் போகவில்லை. அது நடந்திருந்தால் நல்லது. சந்திரமதியின் வீட்டுத் தொலைபேசி மெல்ல மெல்ல அடிப்பதை நிறுத்தியது. வாணி விழா நடனத்தில் நிலோஜினிக்கு இடமில்லாமல் போனது. அடுத்த வருடம் வசந்தத்தில் சந்திரமதியின் கணவன் மாரடைப்பில் இறந்தான். இங்கே தமிழ்ச் செத்தவீடு என்றால் இருநூறு பேர் வருவார்கள். முன்பின் தெரியாதவர்களும் லீவு போட்டு வருவார்கள். அவனுக்கு வந்தது ஒன்பது பேர். செல்வராணி தனக்கு வேலை என்று செய்தி அனுப்பினாள். அன்று அவளுக்கு ஓய்வு நாள். வீட்டில் நின்று யன்னல் கண்ணாடி எல்லாம் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தாள்.

சில மாதங்களில் சந்திரமதி பாடன் நகரத்தில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது மண்டபத்தில் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். சந்திரமதி முன்னால் நின்றாள். தலை முன்புறம் நரைத்திருந்தது. குரல் மாறவில்லை.

“நான் பேச்சாளர் இல்லை. கண்டதைச் சொல்லுறன்” என்று தொடங்கினாள். “அங்கை பஸ்ஸிலை கதை, பாண் கடையிலை கதை, எல்லா இடமும் உதுதான். பிரிஞ்சா எந்தக் காசு? எண்ணெய் எத்தினை வருசத்துக்குக் காணும்? பென்சன் ஆர் தாறது? எங்கடை ஆக்கள் மாதிரிக் கண்ணீர் விட்டுக் கதைக்கிறவை குறைவு. கொப்பியும் பென்சிலுமாக் கதைக்கினம்.”

சிலர் சிரித்தார்கள்.

“பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர் புருசன் பெண்சாதி. முன் யன்னலிலை மனிசி ‘வேண்டாம்’ எண்டு ஒட்டியிருக்கிறா. குசினி யன்னலிலை மனிசன் ‘வேணும்’ எண்டு ஒட்டியிருக்கிறார். ஒரு நாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவை. ரெண்டு பேரும் மேசையிலை கையடிச்சுக் கத்தினவை. நான் பயந்து போனன். பிறகு பாத்தா அந்த மனிசன் எழும்பிப் போய் மனிசிக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறார்.”

“அது வெள்ளையன்ரை வீடு. எங்கடை வீடெண்டா தேத்தண்ணிக்குள்ளை வேறை என்னவோ கிடக்கும்” என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். மண்டபம் சிரித்தது. சந்திரமதியும் சிரித்தாள்.

குணசேகரம் எழுந்தார். இப்போது பொல்லு ஊன்றி நடக்கிறவர். “தங்கச்சி சொன்னது சரி. ஆனா எங்களுக்கு உந்தக் குழப்பம் இருக்கேல்லை. நாங்கள் வைச்ச நேரம் எங்கடை மண்டபத்திலை எழுநூற்றிப் பன்னிரண்டு துண்டு. ஒண்டே ஒண்டுதான் ‘இல்லை’.”

“அந்த ஒண்டு ஆரெண்டு தேடிப் பிடிச்சு ஒரு மாலை போடுங்கோவன் அண்ணை” என்றார் அதே முன்வரிசைக்காரர்.

இந்த முறை சிரித்தவர்கள் பாதிப்பேர்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். செல்வராணி மேலங்கியின் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

ரிஷானிக்கு இதொன்றும் தெரியாது. அப்போது அவள் பள்ளிக்கூடம் போன பிள்ளை. “ஆன்ரி, அங்க எப்பிடி வோட் பண்ணுறது? இங்க மாதிரி யா, நைன் எண்டு ஜெர்மன்ல ஆம், இல்லையைக் கையால எழுதுறதோ?” என்று கேட்டாள்.

“இல்லையம்மா. அங்கையும் புள்ளடிதான். விருப்பமானதுக்கு நேரை போட வேணும்.” சந்திரமதியின் முகத்தில் குறும்பு வந்தது. “புள்ளடி எண்டோடனை என்ரை பகிடி ஒண்டு ஞாபகம் வருது. நான் ஊரிலை ஒருக்காலும் வோட்டுப் போட்டதில்லை. பதினெட்டு வயதிலை வெளிக்கிட்டிட்டன். முதல் வோட்டு இங்கைதான். சுவிஸ் பாஸ்போட் எடுத்தாப் பிறகு நகரசபைத் தேர்தலுக்கு. இங்கை ஒரு கட்சிப் பட்டியல் வரும், தெரியுமெல்லோ? பிடிக்காத பேரை வெட்டலாம். வெட்டாமல் விட்டது எண்ணுப்படும். நான் படிச்ச வோட்டு அதுதான். பிறகு எங்கடை வாக்கெடுப்பு வந்தது. நைற் வேலை முடிஞ்சு நித்திரைக் கண்ணோடை வந்தனான். துண்டைத் தந்திச்சினம். ‘இல்லை’ எண்ட சொல்லைப் பாத்தோடனை எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்களிட்டை உப்பிடியும் ஒரு கேள்வியோ எண்டு. இழுத்து ரெண்டு வெட்டு. கடுதாசி கிழியாததுதான் மிச்சம். ‘ஆம்’ தனிய நிக்குது. மடிச்சுப் போட்டிட்டுப் போனன். வீட்டை போய்ப் படுத்தாப் பிறகுதான் மண்டைக்குள்ளை அடிச்சது, எடி, நீ வெட்டினது புள்ளடி மாதிரியெல்லோ கிடக்கும் எண்டு.”

ரிஷானி கைதட்டிச் சிரித்தாள். “ஆன்ரி, அது செல்லாத வோட்!”

“செல்லாமல்தான் போயிருக்கும். என்னாலை ஒரு ‘ஆம்’ குறைஞ்சு போச்சு.”

சிரிப்பு ரிஷானியோடு நின்றுவிட்டது. முன்வரிசைக்காரர் குனிந்து தன் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். குணசேகரம் செல்வராணி இருந்த பக்கம் திரும்பினார், திரும்பிய வேகத்திலேயே முகத்தை எடுத்துக்கொண்டார்.

சந்திரமதி ஒவ்வொருவராகப் பார்த்தாள். “என்ன, பகிடி விளங்கேல்லையோ?” என்றாள். அவள் குறிப்புத் தாளைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் அங்கே வாக்கு உண்டு என்பதைச் சொன்னாள். அதன் பிறகு அவள் பேச்சில் சிரிப்பு இருக்கவில்லை.

செல்வராணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. தான் அந்தத் துண்டைப் பிடித்திருந்த விதம் விரல்களுக்குத் தெரிந்தது. அப்போது அவளிடம் இருந்தது வெறும் சி அனுமதி; இங்கே வாழலாம், வாக்குப் போட முடியாது. சுவிஸ் தேர்தலில் பெயர் வெட்டும் முறை அவளுக்குத் தெரியாது. தெரியாதுதான். ஆனால் கோடு சொல்லின் மேல் கிடந்தது தெரியும். வாயைத் திறந்து ‘அண்ணை, இது பெட்டிக்குள்ளை இல்லையே’ என்று கேட்டிருந்தால், யாராவது ஒருவர் யோசித்திருப்பார். குறைந்தது அந்தத் துண்டு செல்லாததாகிப் போயிருக்கும். செல்லாத துண்டுக்காக ஒருவரும் செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டதில்லை.

கூட்டம் முடிந்தது. கதிரைகளை அடுக்கும்போது குணசேகரம் அவளருகே வந்தார்.

“உதைக் கிளறாதை தங்கச்சி. அந்த மனிசிக்கு ஒண்டும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.”

“நீங்கள்தானே அண்ணை ‘இல்லை’யிலை சேர்த்தனீங்கள்.”

“ஓம், சேர்த்தனான். ஆற்றை துண்டெண்டு எனக்குத் தெரியாது.” அவர் பொல்லை மற்றக் கைக்கு மாற்றினார். “நான் ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லை.”

அவள் கையிலிருந்த கதிரையை அடுக்கின் மேல் வைத்தாள். அது சரியாகப் பொருந்தவில்லை. எடுத்துத் திரும்ப வைத்தாள்.

வெளியே மெல்லிய மழை. சந்திரமதி ட்ராம் தரிப்பிடத்தில் தனியாக நின்றாள். கூட்டம் முடிந்தால் பேச்சாளரைச் சூழ்ந்து நாலு பேர் நிற்பதுதான் வழக்கம். இன்று அவளோடு நிற்க ஒருவருக்கும் முகமில்லை. செல்வராணி வீதியைக் கடந்து போனாள்.

“ராணி! வந்தனியோ? பின்னாலை இருந்தபடியாக் காணேல்லை.” சந்திரமதி கையைப் பிடித்தாள். “நல்லா மெலிஞ்சு போனாய். இன்னும் அங்கைதான் வேலையோ?”

“ஓம் மதியக்கா. அதே மாடிதான்.”

“வாத்துக் கால் கிழவி இருக்கிறாவோ?”

“போன மாரியோடை போயிட்டா.”

“பாவம்.” பைக்குள் கைவிட்டு ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்தாள். “இந்தா, அங்கத்தைப் பிஸ்கற். வெண்ணெய் கூட. சிறீதரனுக்குக் கொலஸ்ட்ரோல் எண்டா நீயே தின்.”

செல்வராணி பெட்டியை வாங்கினாள். நன்றி சொல்லவில்லை. பலகையில் ட்ராமுக்கு நாலு நிமிடம் என்று காட்டியது. நாலு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இரண்டு வசனம். அதற்கு மேல் தேவையில்லை.

“மதியக்கா, அண்ணைக்கு… அவற்றை செத்தவீட்டுக்கு நான் வந்திருக்க வேணும்.”

“உனக்கு வேலையெண்டு சொன்னனியெல்லோ.”

“வேலை இல்லை.”

சந்திரமதி மழைத்துளியைக் கன்னத்திலிருந்து துடைத்தாள். மண்டபத்துக் கதவு திறந்து, குணசேகரமும் முன்வரிசைக்காரரும் வெளியே வந்தார்கள். இவர்கள் இருவரும் சேர்ந்து நிற்பதைக் கண்டதும் மற்றப் பக்கமாக நடந்தார்கள். சந்திரமதி அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் பாஸ்போட் எடுத்தது சனத்துக்கு எரிச்சல் எண்டுதான் நினைச்சிருந்தன்” என்றாள் கடைசியில். “நாலு வருசமா அப்பிடித்தான் நினைச்சன். சுவிஸ்காரியாயிட்டாள் எண்டு ஒதுக்கினம் எண்டு. அவர் சாகக்கிடக்கேக்கையும் கேட்டவர், என்னடி செய்தனீ சனத்துக்கு எண்டு. பாஸ்போட் எடுத்தது பிழையப்பா எண்டு சொன்னனான்.”

செல்வராணி பிஸ்கற் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“ஒண்டே ஒண்டு எண்டு குணமண்ணை இண்டைக்குத்தான் என்ரை காதுபடச் சொன்னார். அந்த ஒண்டு என்ரை துண்டுதான், என்ன?”

ட்ராம் வளைவில் திரும்பியது. தண்டவாளம் கிறீச்சிட்டது. சந்திரமதி பையைத் தோளில் கொழுவினாள். கோபம் இருந்தால் நல்லது என்று செல்வராணி அந்த முகத்தைத் தேடினாள். அங்கே களைப்பு மட்டுமே இருந்தது, இரவு முழுக்க நின்றுவிட்டு வந்தவளின் களைப்பு. கதவு திறந்தது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு சந்திரமதி திரும்பினாள்.

“எட்டு வருசம் ஒண்டா நிண்டு வேலை செய்தனாங்கள். என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமெல்லோ, ராணி?”