டிரைவர் உட்கார்ந்த நாற்காலி

பஸ் டிரைவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சலூன்காரர் வாசலைத்தான் பார்த்தார். கடை மாறி வந்துவிட்டாரோ என்று.

மாறவில்லை. டிரைவர் நாற்காலியின் கைப்பிடிகளைத் தடவிப் பார்த்தார். வண்டியை எடுப்பதற்கு முன் செய்வதைப் போல ஒருமுறை அசைந்து, சரியாக உட்கார்ந்தார்.

"முடி வெட்டணும் அண்ணே."

அந்தத் தெருவில் இரண்டு சலூன்கள். மணிக்கூண்டுப் பக்கம் ஒன்று, பாலத்துப் பக்கம் ஒன்று. படிந்த முடிக்காரர்கள் மணிக்கூண்டுக் கடைக்கு வருவார்கள். கறுத்த தோலும் நெருக்கமான சுருள்முடியும் உள்ளவர்கள் பாலத்துக் கடைக்குப் போவார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. சட்டம் சொன்னது நேர் எதிர். ‘யார் வந்தாலும் வேலை செய்யப்படும்’ என்று நகரசபை கொடுத்த பலகை இரண்டு கடைக் கதவுகளிலும் தொங்கியது. சலூன்காரர் தன் கடைப் பலகையைத் தூசி படிய விட்டதில்லை. அதைப் படித்துவிட்டு ஒருவர் உள்ளே வருவார் என்று நினைத்ததுமில்லை.

டிரைவர் நகரசபைத் தேர்தலில் ஜெயித்திருந்தார். தெருவின் இரண்டு முனைகளிலும் அவருக்கு ஓட்டு விழுந்தது. சலூன்காரரும் அவருக்குத்தான் போட்டார். நாளைக் காலையில் பதவியேற்பு.

"சார், பாலத்துக் கடை லீவா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"சார் எதுக்கு? டிரைவர்னே கூப்பிடுங்க. கடை திறந்துதான் இருக்கு. ஓட்டுக் கேட்டு வந்தப்ப உள்ள கூப்பிட்டு டீ குடுத்தீங்களே, அன்னைக்குத்தான் இந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். இந்தத் தெருவிலயே பொறந்தவன். இதுல என் மூஞ்சி எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாது. உக்காந்து பார்க்கணும்னு ஒரு இது."

பக்கத்து நாற்காலியில் சவரம் செய்துகொண்டிருந்த மச்சினன் கத்தியை எடுக்காமலே பேசினான்.

"மாமா, நாளைக்கு இந்தத் தலை எல்லாப் பேப்பர்லயும் வரும். நம்ம கடை பேரு வெளங்கப்போகுது."

சலூன்காரர் கத்தரியை எடுத்து, திரும்பக் கீழே வைத்தார். அந்த மாதிரி முடியில் அவர் கை பட்டதே இல்லை. தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் ‘தெரியாது’ என்றால் கேட்பவர் காதில் ‘மாட்டேன்’ என்றுதான் விழும். தன் காதிலேயே அப்படித்தான் விழுந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சந்தைக்குப் போகும்போதெல்லாம் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே போவார். கத்தரி வைத்தால் அது எப்படி விழும்? சீப்புக்கு நிற்குமா? புதுத் துணியைக் கண்ட தையல்காரன் மாதிரி விரல் நுனி குறுகுறுக்கும்.

துணியைப் போர்த்தினார். கை வழக்கம்போலத் தண்ணீர்க் குப்பியை எடுத்தது. தலை முழுக்கத் தெளித்தது. டிரைவரின் தோள் லேசாக உயர்ந்து இறங்கியது. வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

சீப்பு மாட்டிக்கொண்டது. சலூன்காரர் இழுத்துப் பிடித்து வெட்டினார். வலது பக்கம் ஒழுங்காக வந்தது. சுலபமாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா," என்றான் மச்சினன். "ஏறுது."

"என்னடா ஏறுது?"

"முடி. நீங்க கத்தரியை நிறுத்திட்டீங்க, அது நிறுத்தல."

ஈரம் காயக் காய வலது பக்கத்து முடி சுருண்டு மேலே போனது. காதுக்கு மேல் தோல் தெரிந்தது. அங்கங்கே திட்டு. மாடு மேய்ந்த வயல் மாதிரி இருந்தது. இடது பக்கம் மட்டும் நனைந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"பரவால்ல அண்ணே," என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாளை மேடையில் இந்தத் தலை. அதைப் பார்த்துத் தெரு என்ன சொல்லும் என்பது சலூன்காரருக்குத் தெரியும். தெரியாமல் பண்ணினான் என்று ஒருவரும் சொல்லப்போவதில்லை. உள்ளே விட்டான், வேண்டுமென்றே கெடுத்து அனுப்பினான் என்பார்கள்.

"தண்ணி எடுத்தப்ப ஏதோ சொல்ல வந்தீங்களே டிரைவர்?"

"வந்தேன். எங்க முடியைக் காய்ஞ்சாப்லதான் வெட்டுவாங்க."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

டிரைவர் சிரித்தார். "முதல் தடவை வந்த இடம். உக்காந்த உடனே குறை சொன்னா, இவங்களை உள்ள விட்டா இப்படித்தான்னு ஆயிடும்ல? அதான் விட்டுட்டேன்."

மச்சினன் முதல்முறையாகக் கத்தியை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

சலூன்காரர் துணியை உதறினார். "தொப்பி வச்சிருக்கீங்களா?"

டிரைவர் தன் வேலைத் தொப்பியை எடுத்துக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பாலத்துப் பக்கம் நடந்தார்கள். இறைச்சிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, கவுன்சிலரைக் கைது பண்ணிக் கூட்டிட்டுப் போறியா?" என்றார். சலூன்காரர் தலை நிமிரவில்லை.

பாலத்துக் கடையை நடத்துவது ஒரு பெண். தெருவுக்கே அக்கா. சலூன்காரரும் அவரும் எத்தனையோ வருடமாக ஒரே தெருவில் கத்தரி பிடிப்பவர்கள். தலையாட்டிக்கொள்வார்கள். பேசியதில்லை.

அக்கா தொப்பியைத் தூக்கினார். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஈரத்துல வெட்டினீங்களா?"

"ஆமா."

"அட கடவுளே. இது அடக்கிவச்ச ஸ்பிரிங். உக்காரு டிரைவர்."

முடி முழுதாகக் காயும்வரை காத்திருந்தார். பிறகு அகலப் பல் சீப்பால் தூக்கித் தூக்கி விட்டார். இடது பக்கத்தை ஒட்ட வெட்டி வலது பக்கத்தோடு சேர்த்தார். பாதியில் மெஷினைச் சலூன்காரர் கையில் திணித்தார்.

"பிடரியை நீங்க எடுங்க. கெடுத்தவர்தானே சரிபண்ணணும்."

சலூன்காரர் மெதுவாக மேலேற்றினார். பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து யோசித்த அதே பிடரி. முடி விரலைத் திருப்பித் தள்ளியது. அழுத்தினால் எழுந்தது. இவ்வளவு நாளும் அதை முரடு என்று நினைத்திருந்தார். பஞ்சு மாதிரி இருந்தது.

"கோடு கொஞ்சம் சாஞ்சிருக்கு," என்றார் அக்கா.

"மேடையில முன்பக்கம்தானே தெரியும்," என்றார் சலூன்காரர்.

"பஸ்ல பின்பக்கம்தான் தெரியும்," என்றார் டிரைவர்.

கடையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். தலை நன்றாகத்தான் இருந்தது. வழக்கத்தைவிடக் குட்டை, அவ்வளவுதான். சலூன்காரர் மூச்சு விட்டார். கிளம்பலாம் என்று திரும்பினார்.

"எங்க போறீங்க? உக்காருங்க," என்றார் அக்கா.

"எனக்கா? எனக்கு மச்சினன் வெட்டுவான்."

"அந்தப் பலகை எங்க கதவுலயும் தொங்குது. உங்க மாதிரி ஒரு தலை இதுவரைக்கும் உள்ள வந்ததில்ல. அந்த வழுக்குற முடி கத்தரியில எப்படி நிக்குதுன்னு நான் எத்தனை தடவை யோசிச்சிருக்கேன் தெரியுமா?"

டிரைவர் எழுந்து இடம் விட்டார். சலூன்காரர் உட்கார்ந்தார். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.

கண்ணாடியில் அவர் முகம் வேறு மாதிரி தெரிந்தது. சுற்றிலும் சுருள்முடித் தலைகள், நடுவில் அவருடையது. தெருவில் போகிறவர்கள் நடையைக் குறைத்து உள்ளே பார்த்தார்கள். இவர் இங்கே என்ன செய்கிறார் என்ற பார்வை. அவரே அப்படி எத்தனை முறை பார்த்திருப்பார்.

அக்கா காய்ந்த தலையில் அகலச் சீப்பை வைத்தார். சீப்பு ஒன்றையும் பிடிக்காமல் வழுக்கி வெளியே வந்தது. இன்னொரு முறை வைத்தார். வந்ததை இரண்டு விரலில் பிடித்து, கத்தரியைத் திறந்தார்.

காய்ந்த முடி வழுக்கி, படிக்கட்டு மாதிரி மேடும் பள்ளமுமாக விழப்போகிறது என்பது சலூன்காரருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். முதல் தடவை வந்த இடம். அக்கா ஆசையோடு கத்தரி பிடித்திருக்கிறார். மேய்ந்த தலையைச் சரிபண்ணிக் கொடுத்த கை. மச்சினன் ஒரு மாதம் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும், பரவாயில்லை என்று இருந்துவிடலாம்.

கண்ணாடியில் டிரைவர் தெரிந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தார். சிரிக்கவில்லை. இவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றார் சலூன்காரர். "எங்க முடிக்கு முதல்ல தண்ணி தெளிக்கணும்."

கத்தரி நின்றது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குப்பியைத் தேடி எடுத்தார், அதன் மூக்கை அவர் தலைக்கு நேரே பிடித்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.